எல்லாக் கட்டமும் ஒரே பரப்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், "ஒரு டிகிரி 111 கி.மீ.; ஆகவே வரைபடத்தில் ஒரு டிகிரிக் கட்டம் ஒவ்வொன்றும் 12,321 சதுர கி.மீ." என்று அச்சாகியிருக்கிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும் என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படியிருக்க இந்த வரி எப்படிக் கடந்து வந்தது என்றுதான் புரியவில்லை. வடக்கு தெற்காக 111 கி.மீ. ஏறக்குறைய எங்கும் பொருந்தும். கிழக்கு மேற்காக அது 60 டிகிரி அட்சரேகையில் பாதியாகிவிடும். பூமத்திய ரேகையை ஒட்டிய கட்டம் சுமார் 12,300 ச.கி.மீ.; 60க்கும் 61க்கும் நடுவில் உள்ளது சுமார் 6,100தான். கட்டுரையை நம்பிக் கணக்கிட்டவருக்கு விடை இரு மடங்கு.

சரியான வழி இதைவிடக் கடினமும் இல்லை. பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; அதன் வர்க்கத்தை, ரேடியனில் (டிகிரியை π/180ஆல் பெருக்கினால் வருவது) எழுதிய தீர்க்கரேகை வித்தியாசத்தால் பெருக்கி, இரண்டு அட்சரேகைகளின் சைன் வித்தியாசத்தாலும் பெருக்க வேண்டும். பலர் அட்சரேகைகளைக் கழித்துவிட்டு அந்த வித்தியாசத்துக்கு சைன் எடுக்கிறார்கள்; தவறு. முதலில் சைன், பிறகு கழித்தல். பூமி துருவங்களில் தட்டையானது என்பதால் இந்த விடை பூமத்திய ரேகை அருகே கிட்டத்தட்ட அரை சதவீதம் கூடும். பத்திரிகைக் கட்டுரைக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இரு மடங்குப் பிழை அப்படியல்ல.

இது முதல் முறையென்றால் எழுதியிருக்க மாட்டேன். காடுகளின் பரப்பை ஒப்பிட முன்பு தாங்கள் வெளியிட்ட படம் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷன். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் வரையும் முறைக்குத்தான் அந்தப் பெயர்; மெர்கேட்டர் வகையில் பரப்பு 45 டிகிரி அட்சரேகையில் 2 மடங்கும் 60 டிகிரியில் 4 மடங்கும் ஊதிவிடும். சுமார் 21.7 லட்சம் ச.கி.மீ. கொண்ட கிரீன்லாந்து, 3 கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிற படத்தில் வண்ணம் தீட்டி "எங்கே காடு அதிகம்?" என்று வாசகரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? பரப்பைக் குலைக்காத புரொஜெக்‌ஷன்களை கணித அறிஞர் லாம்பர்ட் 1772இலேயே தந்துவிட்டார். அப்போதும் எழுதினேன், பதிலில்லை.

அடுத்து, ஒரு நாட்டின் எல்லைப் புள்ளிகளைக் கணினியில் இட்டுப் பரப்பைப் பெறலாம் என்று ஒரே வரியில் முடித்த, தங்கள் இதழில் வந்த தொடர். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கோடு எந்த வழியாகப் போகிறது என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்கா–கனடா எல்லையில் 49 டிகிரி அட்சரேகை வழியே செல்லும் பகுதிக்கு இரு முனைகளை மட்டும் கொடுத்தால், மிகக் குறுகிய வழியைப் பிடிக்கிற மென்பொருள் நடுவில் 90 கி.மீ.க்கும் மேல் வடக்கே வளைந்துபோகும். பரப்பு ஒரு லட்சம் ச.கி.மீ.க்கு மேல் மாறிவிடும். டிகிரிக்கு ஒரு புள்ளி சேர்த்தாலே விலகல் சுமார் 120 மீட்டராகச் சுருங்கும். 180 டிகிரியைத் தாண்டும் ஃபிஜி போன்ற நாடுகளில் தீர்க்கரேகை +179இலிருந்து −179க்குத் தாவும். எதிர்மறை எண்களுடன் 360 கூட்டாவிட்டால் விடை உலகையே சுற்றிவரும். புள்ளிகளைத் தலைகீழ் வரிசையில் கொடுத்தால், சில மென்பொருள்கள் அந்த நாட்டை விட்டுவிட்டு மீதிப் பூமியின் பரப்பைத் தரும். கற்றுக்கொள்ள வருபவர் தடுக்கி விழும் இடங்கள் இவையே. அந்தத் தொடரில் இவற்றுக்கு ஒரு பத்திகூட இல்லை.

நான் கேட்பது இரண்டே. அடுத்த இதழில் அந்த 12,321க்கு ஒரு திருத்தம், கட்டுரை வந்த அதே பக்கத்தில். இனி பரப்பை ஒப்பிடும் படம் எதை வெளியிட்டாலும் அதன் கீழே புரொஜெக்‌ஷனின் பெயர்.

இப்படிக்கு,
நில அளவைக் கணிதம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்