சீட்டில்லாமல் கிடைக்கும் சிவப்புக் கோட்டு மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்தால் செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறந்துகொள்ளும். கல்யாணம், மணிவிழா, படைப்பு என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவுகள் வந்து இறங்கும். திரும்பும்போது தேன்குழலும் சீப்புச் சீடையும் வாங்கிய கையோடு பலர் மருந்துக்கடைக்கும் ஒரு நடை போகிறார்கள். அஜித்ரோமைசின், செஃபிக்சைம் என்று அட்டை அட்டையாகப் பெட்டியில் ஏறுகின்றன. இவை பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள். சிங்கப்பூரில் டாக்டர் எழுதித் தராமல் இவற்றை வாங்க முடியாது. இங்கே பெயரைச் சொன்னால் போதும்.

மிஞ்சியது இங்கேயே தங்கிவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கு இருமல் என்றால் ஆச்சி அதை அன்போடு எடுத்துக் கொடுப்பார்: "பவரான மாத்திரை, இரண்டே நாளில் கேட்கும்." கேட்கத்தான் செய்யும். ஆனால் சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை; ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் தாமாகவே போய்விடும். பேரை மாத்திரை தட்டிக்கொண்டு போகிறது. இடையில் உடம்பில் இருந்த பாக்டீரியாக்களில் நோஞ்சான்கள் செத்து, மருந்துக்குத் தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பரவுகின்றன. மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு அல்ல, கிருமி. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே, இந்த மருந்தை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வந்தால் அரைகுறை அளவில் சாப்பிட்டுக் கிருமியைத் தேற்றிவிடுவார்கள் என்று எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

சட்டம் இல்லாமல் இல்லை. செஃபிக்சைம் உள்ளிட்ட மருந்துகளை 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத 'எச்1' பட்டியலில் வைத்திருக்கிறார்கள். விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம்; அதைப் பற்றி மத்திய அரசு 2016இல் பிரசாரமே நடத்தியது. கடையில் நடப்பது என்ன? கத்தரிக்கோலால் ஆறு மாத்திரையை நறுக்கி, காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று கிறுக்கித் தருகிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பல சமயம் அட்டையின் மறுபாதியோடு கடையிலேயே நின்றுவிடுகின்றன.

கூலி வேலைக்குப் போகிறவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அரை நாள் சம்பளம் போகும். அவர் மருந்துக்கடையோடு திரும்பிவிடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயிரம் ஜன்னல் வைத்து வீடு கட்டியவர்களுக்கு டாக்டர் ஃபீஸ் ஒரு பாரமா?

கோழி சங்கதி வேறு இருக்கிறது. செட்டிநாட்டுக் கோழி என்று ஊரெங்கும் பலகை மாட்டி விற்கிறோம். அது என்ன தின்று வளர்ந்தது என்று கேட்பாரில்லை. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை இறைச்சிக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டதே 2019இல்தான். அதைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போதைக்குக் கேட்பது இவ்வளவுதான். மருந்து ஆய்வாளர்கள் காரைக்குடி, தேவகோட்டை கடைகளில் எச்1 பதிவேட்டைத் திறந்து, கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கேரளத்தில் ஆன்டிபயாடிக்கை அடையாளம் தெரியும்படி நீல உறையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள்; இங்கும் செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை முடிந்து வருகிறவர்களைப் பார்க்க மாலையில் ஒரு டாக்டர் இருந்தால் பாதிப் பேர் அங்கே போவார்கள். மிச்ச மாத்திரையைப் போட மருந்துக்கடை வாசலில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். இப்போது அது குப்பையோடு குப்பையாக ஊருணிக் கரை வரை போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி