அந்த டொக்கை எடுக்காதே

அன்புள்ள பாப்பா,

நீ செய்து அனுப்பிய நாற்பது நிமிட இசையையும் கேட்டுவிட்டேன். ஹெட்போனில் கேட்கச் சொல்லியிருந்தாய். நான் ஹாலில் பழைய ஸ்பீக்கரில்தான் போட்டேன், சத்தம் குறைவாக. அம்மா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து கேட்டாள், அப்புறம் கீரை ஆய ஆரம்பித்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. 1978-இல் ஆங்கில இசையமைப்பாளர் பிரையன் ஈனோ விமான நிலையத்துக்காகச் செய்த இசைத்தட்டின் குறிப்பில் எழுதியதே இதைத்தான்: கவனித்தால் சுவையாக இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் அதற்குக் கோபம் வரக் கூடாது. அம்மா உனக்கு பாஸ் போட்டுவிட்டாள்.

நான் இன்னும் போடவில்லை. எனக்கு ராகம், தாளமெல்லாம் அரைகுறைதான். வானொலி நிலையத்தில் டேப்போடு காலம் தள்ளியவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒரு ஒலி மாறுகிறது என்றால் அது எதனால் மாறுகிறது என்பது. உன்னுடையதில் எல்லாம் அழகாக மிதக்கிறது. எதனால் மிதக்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

ஈனோவின் அதே தட்டில் இரண்டாவது பகுதியை எடுத்துக்கொள். வெறும் குரல்கள், ஒவ்வொரு லூப்பிலும், அதாவது முனைகளை ஒட்டி வளையமாக ஓடவிட்ட டேப்பிலும், ஒரே ஒரு சுரம். ஒன்று 23½ நொடிக்கு ஒருமுறை வரும், இன்னொன்று கிட்டத்தட்ட 26, மற்றொன்று கிட்டத்தட்ட 30. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நீளங்கள் என்பதால் அதே சேர்க்கை மறுபடி வருவது அரிது. எங்கள் மெஷின் ஓடிய வேகம் நொடிக்கு 7½ அங்குலம். அந்தக் கணக்கில் 23½ நொடிக்கே ஏறக்குறைய 15 அடி டேப் வேண்டும். அதை எங்கே ஓடவிடுவது? ஸ்டுடியோவில் கிடந்த அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி ஓடவிட்டாராம். படித்ததும் எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை கூடிவிட்டது.

உன் லூப்புகள் எல்லாமே எட்டு நொடி. கம்ப்யூட்டர் கட்டம் போட்டுக் கொடுத்ததை அப்படியே விட்டிருக்கிறாய். எட்டு நொடிக்கொருமுறை எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுகிறது. அது தெரியாமலிருக்க மேலே ரிவெர்ப், அந்த எதிரொலிப் பூச்சு, குழம்பில் உப்பு கூடிப்போனால் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

ரிவெர்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. 1988-இல் பாலின் ஒலிவெரோஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் தன் அக்கார்டியனோடு, வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்ட் வோர்டன் என்ற இடத்தில், தரைக்கு 14 அடி கீழே இருந்த காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார். கூட இரண்டு பேர். அங்கே ஒரு ஒலி அடங்க 45 நொடி ஆகும். ஒரு சுரத்தை விட்டால் முக்கால் நிமிடம் அது அங்கேயே நிற்கும், பிடிக்கவில்லை என்று அழிக்க முடியாது. அதனால் அடுத்த சுரத்தை யோசித்துத்தான் விட வேண்டும். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மவுஸை இழுத்தால் போயிற்று.

அப்புறம், நீ போன வருஷம் கேட்கச் சொன்ன வில்லியம் பசின்ஸ்கி. 1980-களில் வானொலியில் வந்த மெல்லிசையிலிருந்து பிடித்த துண்டுகளை லூப்பாக ஒட்டி வைத்திருந்தவர், 2001-இல் அவற்றை டிஜிட்டலுக்கு மாற்ற ஓடவிட்டார். டேப் என்பது என்ன, பிளாஸ்டிக் நாடாமேல் பசையோடு பூசிய இரும்பு ஆக்ஸைடு. பசை செத்துப்போனால் பூச்சு பொடியாக உதிரும். டேப் உரசிப் போகும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் பஞ்சு காவியாக வரும். ரொம்ப உதிர்ந்தால் நாங்கள் உடனே மெஷினை நிறுத்துவோம். அவர் நிறுத்தவில்லை. முதல் துண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. ஆரம்பத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பிறகு ஒரு சுரத்தின் நுனி மழுங்கும், நடுவில் சின்னதாக ஓட்டை விழும், அந்த ஓட்டை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பெரிதாகும். செப்டம்பர் 11 அன்று புரூக்ளினில் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து புகையைப் படம்பிடித்து இதோடு சேர்த்ததால், இன்று எல்லோரும் அந்தத் துயரத்தோடு சேர்த்தே இதைப் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்குக் கேட்பது டேப் தேய்வதுதான், எனக்கு அதுவே போதும்.

சரி, உன் பதினேழாவது நிமிடத்துக்கு வருகிறேன். அது நம் வீட்டுக் கிரைண்டர்தானே? போன தடவை வந்தபோது சமையலறை மேடையில் போனை வைத்துவிட்டு நின்றாயே. சுருதியை இறக்கி, இழுத்து, ஆளே தெரியாமல் செய்திருக்கிறாய். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன். சுற்றுக்கு ஒரு டொக் வருமே, குழவி தேய்ந்ததால் வருவது, அதை மட்டும் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டாய். ஏன்? அதில்தான் விஷயமே இருக்கிறது. உளுந்தைப் போட்டதும் கரகரவென்று இருக்கும். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க மாவு பொங்கி சத்தம் அமுங்கும், டொக் மெல்ல டொப்பாகும். அதைக் கேட்டுத்தான் அம்மா பக்கத்து அறையிலிருந்தே ‘பதம் வந்துடுச்சு, நிறுத்துங்க’ என்பாள். அரைமணி நேரம் தானாக நடக்கும் மாற்றம் அது. நீ எடுத்துக்கொண்டது அதில் எட்டு நொடி.

டிராம் திரும்பும்போது வரும் கீச்சு நன்றாக இருக்கிறது. அதைத் தொடாதே.

ரிவெர்ப் எதுவும் இல்லாமல் ஒரு பிரதி அனுப்பு. லூப்புகளை 7, 11, 13 நொடி என்று மாற்றிப் பார். சனிக்கிழமை மாவு அரைக்கும்போது, உளுந்து விழுவதிலிருந்து வழிக்கிற வரை முழுதாகப் பதிவு செய்து அனுப்புகிறேன். மைக்கை ஃப்ரிட்ஜிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், அது வேறு ஹம் கொடுக்கிறது. அம்மாவிடம் அரைமணி நேரம் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். ‘என் குரலும் சேர்ந்தே வரட்டும், வேண்டாமென்றால் அவள் வெட்டிக்கொள்ளட்டும்’ என்கிறாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அப்பா