உயிரோடிருப்பவருக்கா, இறந்தவருக்கா?
குமரிக் கடற்கரை ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆயர் பெருந்தகையீர், அன்பிற்குரிய பங்குத்தந்தையரே,

இயேசுவின் பெயரால் வணக்கம். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் கடலைப் புரட்டிப்போட்டபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களில் ஒருவன் என் தம்பி. நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இறையியல் படித்தவள் அல்ல. மறையுரை எப்படி ஆற்ற வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தரும் துணிவு எனக்கில்லை. ஆனாலும், எங்களைப் போன்ற வீடுகளில் நம்பிக்கை எப்படிப் பிழைத்தது, எங்கே மூச்சுத் திணறியது என்பதை அந்த வீட்டுக்குள் இருந்தவள் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

புயலுக்குச் சில மாதங்கள் கழித்து என் தாயார் பங்கு அலுவலகத்திற்குத் திருப்பலிக் கருத்து (திருப்பலியில் யாருக்காக மன்றாட வேண்டும் என்ற குறிப்பு) எழுதக் கொடுக்கப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். தம்பியின் பெயரைச் சொன்னதும், அங்கிருந்தவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, வழக்கமாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "உயிரோடு இருக்கிறவருக்கா அம்மா, இறந்தவருக்கா?" அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்தப் பதிவேட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள். என் தாயார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்க்காமலேயே படியிறங்கி வந்துவிட்டார். வீடு வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று மாலை, எனக்குத் தெரியாமல் கடைக்குப் போய், தம்பியின் கைபேசி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு வந்திருந்தார். மூன்று ஆண்டுகள் அந்த எண்ணை அவர் சாகவிடவில்லை.

உடல் கிடைத்திருந்தால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நட்டிருப்போம். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்ற ஓர் இடம் இருந்திருக்கும். கடல் திருப்பித் தராதவர்களின் வீடுகளில் துக்கத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஏழாண்டுகள் செய்தி ஏதும் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். அரசின் நிவாரணத் தொகை அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. ஆனால், அந்தக் காசோலையைக் கையில் வாங்குவதே மகனின் சாவுக்கு ஒப்புதல் கொடுப்பதாகும் என்று நினைத்த தாய் என் தாயார் ஒருவர் மட்டும் அல்லர்.

நன்றி சொல்லவேண்டிய இடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன். பல நாள்களுக்கு முன்பே கரையைவிட்டுப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் இருந்ததற்கும், தேடுதல் தாமதமானதற்கும் நியாயம் கேட்டு டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தபோது, அருட்தந்தையர் பலர் எங்களோடு அமர்ந்திருந்தார்கள். யார் யார் கடலில் என்று வீடு வீடாகப் பட்டியல் எடுத்ததும் பங்குகள்தாம். அதை இந்தக் கரை மறக்காது. என் மனக்குறை தெருவில் நடந்ததைப் பற்றியது அல்ல, பீடத்திலிருந்து கேட்டதைப் பற்றியது. அந்த நாள்களில் ஒரு மறையுரையில், கடவுள் தமக்குப் பிரியமானவர்களை முதலில் அழைத்துக்கொள்கிறார் என்று சொல்லப்பட்டது. யார் சொன்னார், எந்தப் பங்கு என்பது வேண்டாம், ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு முன்வரிசையில் கைக்குழந்தையோடு அமர்ந்திருந்த இளம்பெண் எழுந்து வெளியே போனாள். பிரியமானவர்களைக் கடலில் தள்ளுகிற கடவுளிடம் அவள் பிள்ளைக்காக எப்படி மன்றாடுவாள்?

நாள்காட்டியைப் பாருங்கள். நவம்பர் 30 மீனவராகிய திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். கோட்டாறு சவேரியார் திருவிழாவும் அந்தப் பத்து நாள்களில்தான் வருகிறது. 1544இல் இந்தக் கரையெங்கும் நடந்து நம் முன்னோருக்குத் திருமுழுக்குக் கொடுத்த அந்தப் புனிதரின் நாளான டிசம்பர் 3, அந்த ஆண்டு, கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறாகவும் அமைந்தது. அன்றைய நற்செய்தி மாற்கு 13: வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ எப்போது வருவார் என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே விழித்திருங்கள். மூன்று இரவுகளாகக் கரையில் விழித்திருந்த பெண்களுக்கு அந்த வாசகம் வாசிக்கப்பட்டது. முதல் வாசகமோ எசாயாவின் ஒப்பாரி: நீர் வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா என்று கடவுளையே இழுத்து நிறுத்தும் வரிகள். எங்கள் வாயில் வராத சொற்களை விவிலியம் எங்களுக்காகச் சொல்லி முடித்திருந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவையாக இருக்கவில்லை. அந்த வரிகளை இன்னொரு முறை மெதுவாக வாசித்துவிட்டு அமர்ந்திருந்தாலே போதும்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் நீங்கள் நாள்தோறும் சொல்லும் செபமான திருப்புகழ்மாலையில் 88ஆம் திருப்பாடலைச் சொல்கிறீர்கள் என்று ஓர் அருட்சகோதரி எனக்குச் சொன்னார். துயரத்தில் தொடங்கும் மற்றப் பாடல்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். இதுவோ திரும்புவதே இல்லை, இருளில் முடிகிறது. ஆனால் அந்த இருளும் கடவுளிடமே சொல்லப்படுகிறது. நான் முதன்முதலில் அதைப் படித்த இரவில்தான், பல மாதங்களுக்குப் பிறகு, செபம் என்று சொல்லத்தக்க ஒன்று என்னுள் நடந்தது. உங்கள் அறைகளில் நீங்கள் சொல்லும் அந்தப் பாடலை ஏன் எங்களோடு ஆலயத்தில் சொல்வதில்லை? ஞாயிறு திருப்பலியில் நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை. (தூக்கமின்றி அலைந்த அந்த மாதங்களில் மனநல மருத்துவரிடமும் போனேன், மாத்திரையும் எடுத்தேன். விசுவாசக் குறைவு என்று செபக்கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். மாத்திரை என்னைத் தூங்கவைத்தது, தூங்கியதால்தான் செபிக்கவும் முடிந்தது.)

2025ஆம் ஆண்டு யூபிலி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற பதாகை ஆலயந்தோறும் தொங்கியது. முன்பு 'நம்பிக்கை' என்றே சொல்லிவந்ததை இப்போது 'எதிர்நோக்கு' என்கிறோம். தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் கண் இருக்கிறது. கரையில் நின்று அடிவானத்தைப் பார்ப்பவளின் சொல் இது. ஒக்கி என்ற வங்கச் சொல்லுக்கும் கண் என்றுதான் பொருளாம். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் தாயாரிடம் அந்த எதிர்நோக்கு திரும்பி வந்த வழி எந்த மறையுரையும் அல்ல. திங்கள், சனி மாலைகளில் எங்கள் அன்பியத்துப் பெண்கள், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழுவினர், மாதா கெபியில் கூடி செபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளைச் சொல்வார்கள். ஐந்தாவது மறையுண்மை, காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது. புயலுக்குப் பிறகு அந்த இடம் வந்தால் என் தாயாருக்குக் குரல் அடைத்துவிடும். மற்றவர்கள் அவருக்காகச் சேர்த்துச் சொல்வார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காள், லூக்கா நற்செய்தியில் அந்தப் பகுதியை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். மகன் கிடைத்ததும் மாதா மகிழ்ந்து பாடவில்லை. "மகனே, ஏன் இப்படிச் செய்தாய்?" என்றுதான் முதலில் கேட்கிறார், மிகுந்த கவலையோடு தேடிக்கொண்டிருந்தோமே என்கிறார். "மாதாவும் ஏசியிருக்கா" என்றார் என் தாயார். தேடியதும் பாவமில்லை, கோபப்பட்டதும் பாவமில்லை என்று அன்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் அந்த மறையுண்மையை அவரே தொடங்கி வைத்தார். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

பெரிய வெள்ளியைப் பெருங்கூட்டத்தோடு அனுசரிக்கிறோம். உயிர்ப்பு ஞாயிறுக்கு வாணவேடிக்கை வைக்கிறோம். இடையில் உள்ள சனிக்கிழமையைப் பெரும்பாலும் ஆலயத்தைப் பெருக்கிக் கழுவவே செலவிடுகிறோம். பகல் முழுவதும் திருப்பலி இல்லாத, நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாகக் கிடக்கிற அந்த நாள்தான் எங்கள் நாள். சாவு நடந்துவிட்டது, உயிர்ப்பு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியைத் திருச்சபை தன் நாள்காட்டியிலேயே வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கிறிஸ்தவம் தந்த மிகப் பெரிய ஆறுதல். அதற்கு அடுத்து வரும் விடியலும் எங்களுக்கு அந்நியமானது அல்ல. யோவான் 21இல் உயிர்த்தவர் கரையில் நிற்கிறார், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் போன சீடர்களுக்குக் கரியடுப்பில் மீன் சுட்டு வைத்திருக்கிறார், வந்து சாப்பிடுங்கள் என்கிறார். ஏன் என்னைக் கைவிட்டு ஓடினீர்கள் என்ற விசாரணை சாப்பாட்டுக்கு முன் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவை. ஆண்டுதோறும் நவம்பர் 30 அன்று நினைவுத் திருப்பலியில் 88ஆம் திருப்பாடலை முழுவதுமாக, இருளில் முடியும் அந்தக் கடைசி வரிவரை, மக்களோடு சேர்ந்து சொல்லுங்கள். அன்று கடலின் பெயராலோ கடவுளின் பெயராலோ காரணம் சொல்லாதீர்கள். புனித சனியன்று காலையில் ஒருமணி நேரம் ஆலயக் கதவைத் திறந்து வைத்து, காணாமற்போனவர்களின் வீட்டார் வந்து அமர இடம் கொடுங்கள். நீங்களும் வந்து அமருங்கள், பேசவேண்டாம்.

இன்னும் ஒன்று. என் தாயாருக்கு இப்போது 81 வயது. இந்த நவம்பரில் மீண்டும் அலுவலகத்திற்கு வரப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டும்போது, அந்தக் கேள்வியைக் கேட்காமல், பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுமாறு அங்கிருப்பவரிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

தங்கள் செபத்தை நாடும்,
கடற்கரைப் பங்கு ஒன்றின் மகள்