அனுப்புநர் முகவரி

மாளிகாவத்தை,
கொழும்பு 10.
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நோன்பும் பெருநாளும் முடிந்து இப்போதுதான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன். உன் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. சொல்லித் தந்த பயிற்சிகளை விட்டுவிடாதே. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். சின்ன மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை. என் உம்மாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

டொரொன்டோவில் பனிக்குள் கூடாரம் அடித்துப் படுத்திருக்கும் மனிதர்களைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். அதே பக்கத்தில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: இந்த வயதில் நான் ஏன் இரவில் புறக்கோட்டையில் சோற்றுப் பார்சலோடு திரிகிறேன், தேடிப்போய்ச் சோறு கொடுத்தால் அவர்கள் தெருவிலேயே தங்கிவிட மாட்டார்களா என்று. அக்கறையோடுதான் கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இஷாத் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசல் இளைஞர்கள் ஒரு வானில் புறப்படுவார்கள். கூடப்போகும் பெரியவர்கள் நானும் இன்னொருவரும். கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் ஒல்கொட் சிலை நிற்கிறதே, அங்கே தொடங்குவோம். ஒல்கொட் மாவத்தை ஓரமாக நடந்து, பஸ் நிலையங்களைச் சுற்றி, குறுக்குத் தெருக்களுக்குள் புகுந்து, சம்மாங்கோட்டுப் பள்ளியடியில் முடிப்போம். நாம் முதல்முதலாகக் கொழும்பு பார்க்க வந்தபோது வாய் பிளந்து நின்றோமே, அந்தச் சிவப்பும் வெள்ளையுமான பள்ளிதான். பகலில் கால் வைக்க இடமில்லாத இரண்டாம் குறுக்குத் தெரு, இரும்புக் கதவுகள் இறங்கியதும் வேறு ஊராகிவிடுகிறது. கடைவாசல் ஒவ்வொன்றிலும் ஒருவர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்திருப்பார். யாருக்கு எந்த வாசல் என்பதில் அவர்களுக்குள் சண்டையே வருவதில்லை.

சமையல் எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள மடுவத்தில் நடக்கிறது. தொடக்கத்தில் நாங்கள் தெரியாமல் செய்த பிழைகள் பல. முதல் வாரம் கோழிக்கறி வைத்தோம். ஒரு கிழவி கறித்துண்டை விரலால் பிய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்திலிருந்த நாய்க்குப் போட்டார். அவர் வாயில் பல் இல்லை. அன்றிலிருந்து எலும்புள்ள எதையும் வைப்பதில்லை. சோறு குழைவாக இருக்கும். பருப்பு, கிழங்கு, அவித்த முட்டை, உறைப்பு மட்டாக. மாட்டிறைச்சி ஒருநாளும் இல்லை, ஏனென்றால் சாப்பிடுபவர்களில் அதிகம் பேர் சிங்களவரும் தமிழரும். பௌத்தர்கள் புனிதமாகக் கருதும் பௌர்ணமி, போயா நாளில் முழுக்கச் சைவம். ஒரு பெரிய கெண்டியில் இஞ்சி போட்ட பிளேன்டீ. சோற்றைவிடத் தேநீரைத்தான் ஆசையோடு வாங்குகிறார்கள். சூடான ஒன்று கைக்குள் இருப்பதே ஒரு துணை போலும்.

யாரையும் வரிசையில் நிற்க வைப்பதில்லை. இதில் நான் மிகவும் கண்டிப்பு. 2020 மே 21, கொரோனா ஊரடங்குக் கால நோன்பு. இதே மாளிகாவத்தையில் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூடிய கூட்டத்தில் நெரிபட்டு மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். கொடுப்பவன் ஓரிடத்தில் நின்றுகொண்டு வாங்குபவர்களை ஓடிவர வைத்தால் என்ன நடக்கும் என்பதை அன்று பார்த்தோம். அதனால் நாங்கள்தான் அவர்களிடம் போகிறோம். குனிந்து, பக்கத்தில் குந்தி, இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. படம் இல்லாவிட்டால் பணம் தரமாட்டேன் என்ற ஒருவரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறோம்.

பணம் எங்கிருந்து என்று கேட்பாய். ஸகாத் என்ற கட்டாய தர்மப் பணத்தை இதில் கலப்பதில்லை. அதற்குத் தனிச் சட்டம், தனிக் கணக்கு. இது ஸதகா, விரும்பிக் கொடுக்கும் தர்மம். ஸதகாவுக்கு மதம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஸகாத் பற்றிய வசனத்திலுள்ள ஒரு சொல் என்னை விடுவதில்லை. அதைப் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. கடைசியாக வருபவர் ‘இப்னுஸ் ஸபீல்’. வழிப்போக்கர் என்று மொழிபெயர்க்கிறோம். நேர்ப்பொருள், பாதையின் மகன். பெற்றவர் இல்லாமல் பாதை மட்டுமே எஞ்சியவன்.

நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவன்தான், மச்சான். 1990 ஒக்டோபர் 30. நீ அதற்கு முந்திய வருடமே கனடாவுக்குப் போய்விட்டாய், அதனால் அன்று நடந்ததை உனக்கு யாரும் விவரமாகச் சொன்னார்களோ தெரியவில்லை. புலிகள் எங்கள் முஸ்லிம் ஆட்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். உடுத்த உடுப்பும் கையில் கொஞ்சப் பணமும்தான். வீட்டுத் திறப்பு என் சட்டைப்பையிலேயே இருந்தது. சோனகத் தெரு முழுவதும் அழுதுகொண்டு நடக்கும்போது உன் அம்மா வேகமாக வந்தார். வாழையிலையில் சுற்றிப் பழைய கடதாசியில் கட்டிய ஒரு பார்சலை உம்மாவின் கையில் வைத்து, “பிள்ளைகள் பசி கிடக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். புட்டும் முட்டைப் பொரியலும். வவுனியாவுக்கு வரும் வழியில், மரத்தடியில், ஒன்பது பேர் பிடிபிடியாகச் சாப்பிட்டோம். உன் அம்மாவை அதற்குப் பிறகு நான் காணவே இல்லை. நீ கேட்ட ‘ஏன்’ என்ற கேள்விக்கு அந்தப் பார்சல்தான் பாதிப் பதில்.

புத்தளத்து மக்கள் எங்களுக்குத் தங்கள் பள்ளிகளையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். பிறகு ஓலைக் கொட்டில். அங்கே பசித்தது உண்மை. ஆனால் நான் யார் என்பதே எனக்கு விளங்காமல் போனதுதான் பெரிய வருத்தம். ஒருநாள் முகாமில் தபால் வாசித்தபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள். உன் கடிதம். உறையில் என் பெயர், கீழே அகதி முகாம், புத்தளம் என்று உன் கோணல் எழுத்து. அதில் நீ என்ன எழுதியிருந்தாய் என்பது இப்போது சரியாக நினைவில்லை. உறையைத்தான் வெகுகாலம் வைத்திருந்தேன். அந்த உறையைப் பார்த்தபோதுதான், இங்கே தேடினால் நான் கிடைப்பேன் என்று எனக்கே தோன்றியது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று எங்கள் மதத்தின் பெயரைச் சொன்ன சிலர் குண்டு வைத்த பிறகு, இரண்டு மூன்று மாதம் நாங்கள் தெருவுக்குப் போகவில்லை. இளைஞர்களின் பெற்றோர் பயந்தார்கள், எனக்கும் பயம்தான். தேவாலயங்களில் அத்தனை பேர் கொல்லப்பட்ட பிறகு எந்த முகத்தோடு போவது என்ற வேதனையும் இருந்தது. திரும்பப் போன முதல் இரவு, ரயில் நிலையத்துச் சுவரடியில் படுக்கும் சிங்களப் பெண் ஒருவர் எங்கள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, “மெச்சர கல் கொஹெத ஹிட்டியே, புதே?” என்றார். இவ்வளவு காலம் எங்கே இருந்தாய் மகனே என்று. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சோறு கொடுப்பதால் ஒருவர் தெருவில் தங்குகிறார் என்பதை நான் ஏற்கவில்லை. தெருவில் தங்கவைப்பது வேறு. ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன், நீயே பார்.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். இளவயதில் கொழும்புக்கு வந்து மெனிங் சந்தையில் நாட்டாமையாக முப்பது வருடத்துக்கு மேல் மூட்டை சுமந்தவர். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்திருக்கிறது. 2020இல் மரக்கறி மொத்த வியாபாரம் பேலியகொடைக்குப் போய்விட்டது. புது இடத்துக்கு இளம் நாட்டாமைகள் போனார்கள். இவரை யார் கூப்பிடுவார்? வாடகை அறையை விட்டார். 2022இல் சாமான் விலை ஏறிய வேகம் உனக்குத் தெரியும், அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இருந்த கொஞ்சமும் அதில் கரைந்தது. பிறகு ஒரு மழை இரவில், தூங்கும்போது தலைமாட்டிலிருந்த பை திருட்டுப் போனது. அதற்குள்தான் அடையாள அட்டை.

புது அட்டைக்குப் படிவம் நிரப்பி, கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி வேண்டும். ஒரு அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போனேன். அங்கிருந்தவர் கெட்டவர் அல்ல. “ஐயா, எந்தப் பிரிவில் குடியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். குடியிருக்கும் இடமில்லாமல் அத்தாட்சி இல்லை, அத்தாட்சி இல்லாமல் அட்டை இல்லை, அட்டை இல்லாமல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் இல்லை, வாக்கு இல்லை, ஒரு அறை வாடகைக்குக் கேட்டாலும் கதவு திறக்காது. தோட்டத்திலோ அவர் பெயர் பதிவிலிருந்து எப்போதோ போய்விட்டது. இந்த நாட்டில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. தெருவில் கிடப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்க ஒரு சட்டம் உண்டு, அவருக்கு ஒரு முகவரி கொடுக்க வழியில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, மச்சான். சோறு எங்களால் முடிந்தது, அவ்வளவுதான். அது போதாது என்பது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உறைக்கிறது. எங்கள் இளைஞர்களில் சட்டம் படிக்கும் ஒருவன் இப்போது பிறப்புச் சான்றிதழ் தேடி எழுதிக்கொண்டிருக்கிறான். இதுவரை நான்கு பேருக்கு அட்டை கிடைத்திருக்கிறது. இவருக்கு இன்னும் இல்லை.

நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு இவர் என்னிடம், “நானா, ஒரு கடதாசி எழுதித் தருவீர்களா?” என்று கேட்டார். தோட்டத்தில் ஒரு மகள் இருக்கிறாளாம். பதினான்கு வருடமாகத் தொடர்பில்லை. தெருவிளக்கின் கீழ் குந்தியிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சுகமாக இருப்பதாகத்தான் எழுதச் சொன்னார். தெருவில் படுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உறையில் மகளின் பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். அனுப்புநர் முகவரி எழுதும் இடம் வந்ததும் பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, “கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால் என்று போட்டால் வருமா?” என்றார். நான் அவர் பெயரை எழுதி, அதன் கீழே என் வீட்டு முகவரியை எழுதினேன்.

இன்று காலை தபால்காரர் கதவைத் தட்டினார். கையில் ஒரு நீல உறை, பதுளை முத்திரை. பெயரை இரண்டு முறை வாசித்துவிட்டு, “இந்தப் பெயரில் இந்த வீட்டில் யாரும் இருக்கிறார்களா?” என்று சந்தேகத்தோடு கேட்டார். இருக்கிறார் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உறை இப்போது என் முன்னால் மேசையில் இருக்கிறது. பிரிக்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். என்ன எழுதியிருக்கிறதோ என்று காலையிலிருந்து நெஞ்சு படபடக்கிறது. மஃரிபுக்கு பாங்கு சொல்கிறார்கள். இஷா முடிந்ததும் வான் புறப்படும்.

மிகுதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்