மாலைக்கு அனுப்பிய பணம்

வியாசர்பாடி

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய ஐயாயிரம் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளுக்கு நம் தெருவில் இருக்கும் அவர் சிலைக்கு ஆளுயர மாலை போடச் சொல்லியிருந்தாய். நான் போடவில்லை. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், அதனால் காரணத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் எனக்குக் குரல் கம்மிவிடும்.

ஜெயந்தி இந்த வருஷம் பிரமாதமாக நடந்தது. சிலைக்குப் புதுப் பெயின்ட். கூண்டுப் பூட்டுதான் துருப்பிடித்துத் திறக்கவே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஆட்டினார்கள். அவர் நினைவு நாளான டிசம்பர் 6-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பையன்களுக்கெல்லாம் பாபாசாகேப் முகம் போட்ட நீல டீ-ஷர்ட். நானும் ஊர்வலத்தில் கடைசிவரை நடந்தேன்.

நாலு நாள் கழித்து அதே தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது. கான்ட்ராக்ட் எடுத்தவர் ஒரு பையனைக் கூட்டி வந்தார். இருபத்திரண்டு வயசு இருக்கும். இடுப்பில் கயிறு, கையில் பக்கெட், வேறு ஒன்றும் கிடையாது. அவன் போட்டிருந்ததும் அந்த நீல டீ-ஷர்ட்தான். மூடியைத் திறந்து இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, அப்புறம் நெஞ்சுக்கு வந்தது. டீ-ஷர்ட்டில் இருந்த பாபாசாகேப் முகம் அதற்குள் முங்கிப்போனதை நான் பார்த்தேன்டா. சுற்றி நின்றவர்கள் எல்லாம் நாலு நாள் முன்னால் ‘ஜெய் பீம்’ என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். நானும்தான் நின்றேன்.

நல்லவேளை, உயிரோடு ஏறி வந்தான். உன் அம்மாதான் குடத்தோடு ஓடிப்போய் அவன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். சோப்பை வாங்கி முதலில் அந்த டீ-ஷர்ட்டைத்தான் கசக்கினான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. உள்ளே செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாபாசாகேப் எழுதிக் கொடுத்த அரசியல் சட்டத்தின் பலத்தில்தான் இதெல்லாம் வந்தது. அதைக் கையில் எடுக்க நம் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் அவரே எச்சரித்தார்: மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய் விடும் என்று. அப்படிச் சொன்னவரைத்தான் கூண்டில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

மறுநாள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இனி யாரையாவது இறக்கினால் சாக்கடை உறிஞ்சும் வண்டி வரும்வரை மூடிமேல் நான் உட்காருவேன் என்று அந்த கான்ட்ராக்ட்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். சிலைக்குப் பின்னால் இரவுப் பாடசாலை இருந்ததே, நீ பத்தாவது படித்த இடம். பின்னி மில் ஷிப்ட் முடிந்து வந்து உன் தாத்தா பேப்பரை உரக்க வாசித்த திண்ணையும் அதுதான். அதில் இப்போது பேனர் சட்டமும் சாமியானா கம்பும் கிடந்தன. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டோம். உன் பணத்தில் இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு கரும்பலகை வாங்கியிருக்கிறேன். மிச்சம் 640 ரூபாய் அம்மாவிடம் இருக்கிறது.

போன டிசம்பரில் மும்பை தாதரில் பாபாசாகேப்பின் நினைவிடமான சைத்யபூமிக்குப் போய்விட்டு வந்து, வழியெல்லாம் புத்தகக் கடை என்று வாய் ஓயாமல் சொன்னாய். புத்தகம் வைக்கவென்றே ராஜகிருகம் என்று ஒரு வீடு கட்டியவருடைய ஊரில் இருக்கிறாய். அடுத்த முறை அங்கிருந்து ஒரு பை நிறையக் கொண்டு வா.

இப்போதைக்குப் பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஜூனில் லீவுக்கு வரும்போது தினமும் ஆறரைக்கு நீ அங்கே உட்கார வேண்டும். அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன், எட்டாவதோடு நின்றுவிட்டானாம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

உன்
நைனா