பழைய கார் உரிமையாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தளித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. பொங்கல் கழித்துக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை ஓட்டினோம். யாருடைய வண்டியும் வழியில் நிற்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இந்தச் சபையில் பாதிப் பேர் சேர்ந்து தள்ளியவர்கள். சந்தா வசூலைப் பற்றிப் பொருளாளர் சொல்வார், கொஞ்சம் கோபமாகவே சொல்வார்.

இனி கியர் பாக்ஸ். இந்த ஆண்டில் சங்கத்தின் நேரமும் உழைப்பும் பெரும்பாலும் அதற்குத்தான் போனது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் நின்றது. பிரீமியர் பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. நம் ஊர் வண்டியான ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்த கம்பெனி 1988-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. என்ஜினுக்கு பிஸ்டனும் ரிங்கும் எப்படியாவது கிடைத்துவிடுகின்றன. கியர் பாக்ஸின் உள்சாமான் அப்படியில்லை. அது இன்னொரு பழைய கியர் பாக்ஸிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் பழைய பெட்டிகளோ, ஷெட்டைக் காலி செய்யும்போது பேரீச்சம்பழத்துக்குப் போகிற முதல் சாமானாக இருக்கின்றன. கனமாக இருக்கிறது, எடை நிற்கிறது, காயலான் கடைக்காரருக்கும் சந்தோஷம்.

ஆகவே சென்ற பொதுக்குழுவில் சாமான் அறை ஒன்று தொடங்கத் தீர்மானித்தோம். அம்பத்தூரில் ஓர் உறுப்பினர் தம் ஷெட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். பெட்டிகள் மூன்று வழியில் வந்தன. ஐசூசு என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் மாற்றிக்கொண்ட அம்பாசடர்காரர்கள் பழைய நாலு கியர் பெட்டிகளைக் கொடுத்தார்கள். சில புதுப்பேட்டையில் வாங்கியவை. மீதி 2015 வெள்ளத்தில் மூழ்கி, அதன்பின் யாரும் தொடாமலே நின்ற வண்டிகளுடையவை.

புதுப்பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதித்தனார் சாலையை இன்னும் ஹாரிஸ் ரோடு என்றே சொல்லும் நம் மூத்த உறுப்பினர்களுக்கு அங்கே எந்தச் சந்தில் என்ன கிடைக்கும் என்பது அத்துப்படி. ஆனாலும் கற்றுக்கொள்ள இருந்தது. கியர்கள் கோத்திருக்கும் தண்டான மெயின் ஷாஃப்ட் ஒன்றைக் கையில் எடுத்து கியர் பல்லையே தடவிக்கொண்டிருந்த நம் ஆளிடம் கடைக்காரர் சொன்னார்: “பல்லு எப்பவும் நல்லாத்தான் சார் இருக்கும். பித்தளை ரிங்கைப் பாருங்க.” விற்கிறவரே இப்படிச் சொன்ன கடைக்கு நாம் மறுபடியும் போனோம்.

அவர் சொன்னது சரி. கியர் கடகடக்காமல் விழுவதற்குக் காரணமான அந்தப் பித்தளை ரிங், அதாவது சின்க்ரோ ரிங்தான், முதலில் தேயும். ரிங்கைக் கியரின் கூம்பான பகுதியான கோன் மேல் வைத்துக் கையால் அழுத்திச் சற்றுத் திருப்பினால் பிடிக்க வேண்டும். பிடித்தபிறகு ரிங்குக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கவேண்டும். ரிங் தேயத் தேய அது கோனில் இன்னும் உள்ளே இறங்கும், இடைவெளி குறையும். வண்டிக்கு வண்டி கையேட்டு அளவு மாறுகிறது. கையேடு கிடைக்காத பெட்டிகளுக்கு இடைவெளி அளக்கும் 0.8 மி.மீ. ஃபீலர் தகடு சுற்றிலும் நுழையவேண்டும் என்று நாமாக ஒரு விதி வைத்துக்கொண்டோம். நுழையவில்லையா, கழிவுப் பெட்டி. இந்தச் சோதனையில் மனம் இளகக் கூடாது. “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்று எடுத்து வைத்த ரிங்கை மாட்டுவதற்குப் பெட்டியை முழுக்க இறக்கி ஏற்ற வேண்டும். அந்த வேலையை யாரும் இரண்டு தடவை செய்ய விரும்பமாட்டார்கள்.

முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் இந்தப் பேச்சே இல்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பலவற்றுக்கு முதல் கியரில் சின்க்ரோ கிடையாது. ஓடும் வண்டியில் முதல் கியரைத் திணித்தவர்களின் கைவண்ணம் பல் முனைகளில் தெரிகிறது. முனை மட்டும் சிதைந்து, பல்லின் முகம் சுத்தமாக இருந்தால் எண்ணெய்க் கல்லால் இழைத்து வைத்துக்கொள்கிறோம். முகத்தில் குழி விழுந்திருந்தால் வேண்டாம்.

அதிகமாகக் கழித்துப் போட்டது, பெட்டியின் அடியில் ஒரு கியர்த் தொகுதியைத் தாங்கும் தண்டான லே ஷாஃப்ட்தான். அதன் மேல் ஊசி ரோலர்கள் ஓடுகின்றன. கெட்டிப்படுத்திய மேல்தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். அது செதிலாக உரிய ஆரம்பித்தால் ஷாஃப்ட்டின் கதை முடிந்தது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் சின்ன அரத்தை வைத்துப் பாருங்கள். வழுக்கினால் தோல் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது. உரிந்த ஷாஃப்ட்டைக் கிரைண்ட் செய்து “புதுசு மாதிரி” ஆக்கித் தருவதாக ஒரு பட்டறை நம்மிடம் கூலி வாங்கியது. பார்க்க பளபளப்பாகத்தான் இருந்தது. ஓட ஆரம்பித்துச் சில மாதத்தில் ஊளையிட்டது. அடியில் இருந்த மெத்து இரும்பின் மேல் ரோலர் ஓடினால் வேறென்ன நடக்கும்? புதிதாகச் செய்வதானால் இஎன்36 போன்ற இரும்பில் கடைந்து, கார்பன் ஏற்றிக் கெட்டிப்படுத்தி, அதற்குப் பிறகுதான் கிரைண்டிங். கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுகளில் இதைச் செய்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டுக்கு மெனக்கெடமாட்டார்கள். ஹெரால்டுகாரர்கள் ஒன்று சேர்ந்து ஆர்டர் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

வெள்ளப் பெட்டிகளைப் பற்றி அவநம்பிக்கை அதிகமாக இருந்தது. திறந்தபோது ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. ஆனால் தண்ணீர் ஆயிலுக்கு அடியில்தான் தங்கும். பெட்டியில் ஆகக் கீழே கிடப்பது லே ஷாஃப்ட் தொகுதி. அதுவும் பேரிங்குகளும் துருப்பிடித்துப் போயிருந்தாலும், மேலே இருந்த மெயின் ஷாஃப்ட், கியர் மாற்றும் செலக்டர் ராடு, ஃபோர்க் இவையெல்லாம் பல பெட்டிகளில் டீசலில் கழுவியதோடு சரியாகிவிட்டன. மூடியும் வெளிக்கூடும் அப்படியே. மூழ்கியது என்பதற்காக மொத்தமாக எடைக்குப் போடுவதை உறுப்பினர்கள் நிறுத்தவேண்டும்.

பிரிப்பதற்கான பயிற்சி வகுப்பை ஹெரால்டில் நடத்தினோம். அந்த வண்டியில் கியர் பாக்ஸை அடியில் படுத்து இறக்க வேண்டியதில்லை. உள்ளே மேல்மூடியைக் கழற்றி, காருக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம் என்பதால் நம் வயதுக்கு ஏற்றது. எல்லாரும் பார்க்க விரும்பியது போலி ஷாஃப்ட் வித்தையை. அசல் லே ஷாஃப்ட்டின் பருமனில், நீளத்தில் மட்டும் சற்றுக் குறைவாக ஒரு கம்பியைக் கடைந்து, அசலைத் தட்டி வெளியே தள்ளும்போதே அதைப் பின்னால் விட்டுக்கொண்டு போகவேண்டும். ஊசி ரோலர் ஒன்றுகூடச் சிந்தாது. தொகுதி அப்படியே பெட்டியின் அடிக்கு இறங்கும், மெயின் ஷாஃப்ட் வெளியே வர வழி கிடைக்கும். திரும்ப மாட்டும்போதும் அதே கம்பி, கொஞ்சம் கிரீஸ். செலக்டரை இழுக்கும்போது மேலே துணி போடச் சொல்லியும் போடாதவரின் ஸ்பிரிங்கும் ஸ்டீல் குண்டும் ஷெட்டின் எந்த மூலையில் இருக்கின்றன என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது ஒரு வருத்தம். நல்லெண்ணத்தோடு சாமான்களை வகை வகையாகப் பிரித்து, மெயின் ஷாஃப்ட்டில் உட்காரும் ஹப்பெல்லாம் ஒரு டப்பாவில், அதன் மேல் நகரும் ஸ்லீவெல்லாம் இன்னொரு டப்பாவில் யாரோ அடுக்கி வைத்துவிட்டார்கள். பார்க்க அழகு, பயன்பாட்டுக்குக் கேடு. ஹப்பும் அதன் ஸ்லீவும் சேர்ந்தே தேய்ந்தவை. ஜோடி மாறினால் கியர் நியூட்ரலுக்கு எகிறும். ஒன்றோடொன்று ஓடிய கியர்களும் அப்படித்தான், ஜோடி மாறினால் சத்தம் போடும். கழற்றும்போதே எந்தப் பல் எதற்கு எதிரே இருந்தது என்று குறியிட்டு, கம்பியில் கோத்து, எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்ற சீட்டோடு வைக்கவேண்டும். பேரிங், ஆயில் சீல், பேக்கிங், சர்க்ளிப் இவற்றைச் சேமிக்கவே வேண்டாம், புதிது வாங்குங்கள். பிரிட்டிஷ் பெட்டிகளில் பேரிங் பல இஞ்ச் அளவு என்பதை மட்டும் கடையில் ஞாபகப்படுத்துங்கள்.

ஆயில் தகராறு இந்த ஆண்டும் ஓயவில்லை. என் கருத்து மாறவில்லை. பித்தளை ரிங் உள்ள பெட்டிக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் விடாதீர்கள். டிஃபரென்ஷியலுக்கு அது சரி; இங்கே அதன் கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது, வழவழப்பு அதிகமானதால் ரிங்கும் பிடிக்காது. கையேடு ஜிஎல்-4 என்றால் அது, சில பெட்டிகளுக்கு என்ஜின் ஆயில் என்றே இருக்கும், அப்படியானால் அதுவே.

பதிவு பற்றிப் பலர் கேட்டார்கள். விண்டேஜ் வண்டிகளுக்கான 2021 விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேசிஸ், பாடி, என்ஜின் மாற்றப்படாத சொந்த வண்டிக்கு ‘விஏ’ வரிசை எண் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. அந்த எண்ணோடு தினமும் ஆபீசுக்குப் போகமுடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் என்ற அளவில்தான். வேறு என்ஜின் ஏற்றியவர்கள் விண்ணப்பிக்கும் முன் யோசிக்கவும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று கோரிக்கைகள். சாமான் அறையிலிருந்து எடுப்பவர் தம் வண்டியின் பழைய சாமானை, உடைந்திருந்தாலும், திரும்பக் கொடுக்கவேண்டும். அளவெடுக்க அது உதவும். வெளியாருக்கு விற்பனை கூடாது. ஹெரால்டு லே ஷாஃப்ட் ஆர்டருக்குப் பெயரும் முன்பணமும் இந்த மாதக் கடைசிக்குள் பொருளாளரிடம் தரவேண்டும்.

கழிவு டப்பா நிறைந்துவிட்டது. அதை எடைக்குப் போட்ட பணம் வரவில் தனியாகக் காட்டப்பட்டுள்ளது. கணக்கைப் பொருளாளர் இப்போது சமர்ப்பிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்
சென்னை