மயிலாப்பூரில் கார் நிறுத்துமிட விதியைத் தளர்த்த வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழும்போதெல்லாம், தரைத்தளம் முழுவதும் தூண்களும் கார்களுமாகவே அமைகிறது. இது கட்டுநரின் விருப்பம் மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வீட்டின் பரப்பளவைக் கொண்டு கணக்கிட்டு, இத்தனை வாகனங்களுக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்கின்றன. குடிவருபவரிடம் கார் உண்டா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் தேவை, அதாவது ஏறத்தாழ 135 சதுர அடி. இதே தெருக்களில் ஒண்டுக்குடித்தனமாகக் குடும்பங்கள் வாழ்ந்த அறைகள் பல இதைவிடப் பெரியவை அல்ல. உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால், அரை கிரவுண்டு மனையில் காருக்குப் போக மிஞ்சுவது சொற்பமே என்பதால், வீடுகளின் எண்ணிக்கை குறைகிறது. நிறுத்துமிடத்துக்கான செலவும், கார் வாங்கவே எண்ணாதவர் உட்பட, எல்லோருடைய வீட்டு விலையிலும் ஏறிவிடுகிறது. எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகளுக்கு எட்டு இடங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் கார் இல்லை; ஒன்றில் உடைந்த கட்டில்கள் கிடக்கின்றன.

உலை கொதிப்பதற்குள் தண்ணித்துறை மார்க்கெட்டுக்குச் சென்று கீரை வாங்கி வந்துவிடக்கூடிய பகுதி இது. திருமயிலைக்குப் பறக்கும் ரயில் 1997-இலேயே வந்துவிட்டது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரு வழித்தடங்கள் இங்கேதான் சந்திக்க இருக்கின்றன. பல்லாயிரம் கோடி ரூபாயில் ரயிலும் அமைத்து, அதன் வாசலிலேயே ஒவ்வொரு கட்டடத்திலும் காருக்கு இடம் விடச் சொல்வது எவ்வகைத் திட்டமிடல் என்பது எனக்கு விளங்கவில்லை.

விதியைத் தளர்த்தினால் கார்கள் தெருவை அடைத்துக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானதே. விதி இருக்கும்போதே அவை தெருவில்தான் நிற்கின்றன என்பது வேறு விஷயம். ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குபவரே அதை நிறுத்த இடம் உண்டெனச் சான்று காட்ட வேண்டும். பொறுப்பு வீட்டின் மீதன்று, காரின் மீது விழுகிறது. கலிபோர்னியாவில் முக்கியப் போக்குவரத்து நிலையங்களிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் அமையும் பெரும்பாலான கட்டடங்களுக்குக் குறைந்தபட்ச நிறுத்துமிட விதியை 2023 முதல் உள்ளாட்சிகள் விதிக்க முடியாது.

சென்னைப் பெருநகரின் நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிவதால், அடுத்த திட்டத்தை வகுக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் ரயில் நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இவ்விதியை நீக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தையும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகள் வந்துபோகும் வழியையும் மட்டும் கட்டாயமாக வைத்துக்கொள்ளலாம். அதோடு, தெருவோரம் இரவு முழுவதும் நிற்கும் கார்களுக்கு மாநகராட்சி கட்டணம் வசூலித்து, அத்தொகையை அந்தந்தத் தெருவின் நடைபாதைக்கே செலவிட வேண்டும்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் வாசகர்,
சென்னை-4